மின் நிலைய ஏரியை வெப்பப் படத்தில் பார்ப்பது எப்படி: லேக் அன்னாவை வைத்து ஒரு தொடக்கப் பாடம்

அணுமின் நிலையம் ஒன்று 1000 மெகாவாட் மின்சாரம் தந்தால், அதைப்போல இரண்டு மடங்கு வெப்பத்தை வெளியே கொட்டியாக வேண்டும். நிலக்கரி நிலையம் என்றால் கொஞ்சம் குறைவு, ஆனாலும் அதே கதைதான். அந்த வெப்பத்தை கண்டென்சர் (நீராவியைக் குளிர்வித்து மறுபடி நீராக்கும் கருவி) வழியாக ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. 2000 மெகாவாட் வெப்பத்தை விநாடிக்கு 60 கனமீட்டர் நீரில் இறக்கினால் நீரின் சூடு ஏறக்குறைய 8 டிகிரி செல்சியஸ் ஏறும். கூலிங் டவர் கட்டாத இடங்களில் இந்தச் சூடான நீர் ஓர் ஏரியில் போய் விழுந்து, ஆறி, மறுபடி நிலையத்துக்கே வருகிறது.

இந்தச் சுற்றை வெப்பப் படத்தில் பார்ப்பது இன்று செலவில்லாத காரியம். படம் எடுப்பது இதில் எளிய பகுதி. படத்தில் தெரியும் சூட்டில் நிலையத்தின் பங்கு எது, வெயிலின் பங்கு எது, காற்று தள்ளிவிட்டது எது என்று பிரிப்பதில்தான் வேலை இருக்கிறது. கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

ஏரியைத் தேர்ந்தெடுங்கள், கேமரா அப்புறம்

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது எந்த தெர்மல் கேமரா வாங்கலாம் என்பது. இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். அவற்றை வைத்து ஓர் ஏரியை ஒழுங்காகப் புரிந்துகொண்டால், பிறகு கேமரா தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பழகுவதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லேக் அன்னாவைச் சிபாரிசு செய்வேன். நார்த் அன்னா ஆற்றின் குறுக்கே அணை கட்டி 1972-ல் உருவாக்கிய ஏரி. அதன் கரையில் உள்ள நார்த் அன்னா அணுமின் நிலையத்தில் இரண்டு யூனிட்டுகள். முதலாவது 1978-லும் இரண்டாவது 1980-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஏரியின் மொத்தப் பரப்பு 13,000 ஏக்கர். அதில் 3,400 ஏக்கரைத் தடுப்புக் கரைகளால் தனியாகப் பிரித்து, மூன்று குளங்களாக்கி, நடுவே கால்வாய்களால் இணைத்திருக்கிறார்கள். நிலையத்தின் வெந்நீர் முதலில் இந்த மூன்று குளங்களில் சுற்றி ஆறுகிறது. அப்புறம் மூன்றாம் தடுப்புக் கரையின் வழியாக, அணைக்குப் பக்கத்தில், பெரிய ஏரிக்குள் இறங்குகிறது. அங்கிருந்து மேல்நோக்கி வந்து நிலையத்தின் நீரெடுப்பு வாயைச் சேர்கிறது. உள்ளூர்க்காரர்கள் குளங்களைச் சூடான பக்கம் என்றும் பெரிய ஏரியைக் குளிர்ந்த பக்கம் என்றும்தான் சொல்வார்கள்.

ஒரே ஏரியில் ஒரே வெயில், ஒரே காற்று, நடுவில் ஒரு கரை, இரண்டு பக்கமும் வேறு வேறு சூடு. கற்றுக்கொள்ள இதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது.

வரைபடத்தில் முதலில் வெளியேற்றும் வாய், மூன்று குளங்கள், மூன்றாம் தடுப்புக் கரை, அணை, நீரெடுப்பு வாய் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் போகும் வழியில் ஒரு கோடு வரையுங்கள். இந்தக் கோடு பின்னால் தேவைப்படும். எந்த ஏரியை எடுத்தாலும் இதைச் செய்யாமல் படத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால் கண் சிவப்பு நிறத்தின் பின்னாலேயே போய்விடும்.

கேமரா பார்ப்பது எதை

வெப்பக் கேமரா, அது வானத்தில் இருந்தாலும் கையில் இருந்தாலும், நீரின் மேல்தோலை மட்டுமே பார்க்கிறது. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் நீர் கிட்டத்தட்ட முழுக்க ஒளிபுகாப் பொருள். கேமராவுக்கு வந்து சேரும் கதிர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கே தடிமனுள்ள படலத்திலிருந்து வருகிறது. ஒரு சாண் ஆழத்தில் என்ன சூடு என்பது அதற்குத் தெரியாது.

அந்தத் தோல் ஆவியாதலால் எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கும். உடனடிக் கீழே உள்ள நீரைவிட அரை டிகிரிக்குள் குறைவு என்பது வழக்கம். காற்றே இல்லாத வெயில் மதியத்தில் நிலைமை தலைகீழ்: மேல் சில சென்டிமீட்டர் நீர் கீழே உள்ளதைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகி, ஏரி முழுக்க ஒரு வெதுவெதுப்பான போர்வை விரிந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் நிலையத்தின் வெந்நீர் எங்கே முடிகிறது என்பது படத்தில் மங்கிப்போகும்.

ஆனாலும் மேல்தோலைப் பார்ப்பதால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். சூடான நீர் லேசானது. 30 டிகிரி நீரைவிட 35 டிகிரி நீர் ஒரு கனமீட்டருக்கு சுமார் 1.6 கிலோ எடை குறைவு. அந்தச் சின்ன வித்தியாசமே போதும், வெந்நீர் மேலே மிதந்து பரவுவதற்கு. ஏரி தன் வெப்பத்தைக் காற்றுக்கும் வானத்துக்கும் விடுவதும் அந்தத் தோலின் வழியாகத்தான்.

படத்தை எடுக்கும் முறை

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் தொடங்கி, லேண்ட்சாட் கலெக்ஷன் 2, லெவல் 2 என்ற தொகுப்பைத் தேடுங்கள். அதில் வளிமண்டலத் திருத்தம் செய்து முடித்த மேற்பரப்பு வெப்பநிலைப் படம் இருக்கும். லேண்ட்சாட் 8, 9 என்றால் கோப்பின் பெயர் எஸ்.டி. பி10 என்று முடியும்; பழைய 5, 7 என்றால் எஸ்.டி. பி6. அதோடு க்யூ.ஏ. பிக்சல் என்ற தரக்குறிப்புக் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்ததும் 44,500 போன்ற எண்கள் தெரியும். அது வெப்பநிலை இல்லை. அதிலுள்ள ராஸ்டர் கால்குலேட்டரில் (பிக்சல் எண்களை வைத்துக் கணக்குப் போடும் கருவி) இப்படிப் போடுங்கள்:

பிக்சல் எண் × 0.00341802 + 149.0 = கெல்வின்

அதிலிருந்து 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். 44,500 என்றால் 301.10 கெல்வின், அதாவது 27.95 டிகிரி. பிக்சல் எண் 0 என்றால் அங்கே தரவே இல்லை, கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து நீரைத் தனியாகப் பிரிக்க வேண்டும். க்யூ.ஏ. பிக்சல் கோப்பில் மேகமில்லாத நீருக்கு லேண்ட்சாட் 8, 9-ல் 21952 என்ற எண், 4 முதல் 7 வரையிலானவற்றில் 5504. அந்த எண் உள்ள பிக்சல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.

இத்தோடு நிறுத்தினால் கரையோரம் முழுக்க ஒரு பொய்யான விளிம்பு தெரியும். காரணம் இதுதான். படம் 30 மீட்டர் கட்டங்களாக உங்கள் கைக்கு வந்தாலும், லேண்ட்சாட் 8, 9-ன் வெப்ப உணரி பார்ப்பது 100 மீட்டர் அளவில். லேண்ட்சாட் 7-க்கு 60 மீட்டர், லேண்ட்சாட் 5-க்கு 120 மீட்டர். அதைப் பிற்பாடு 30 மீட்டராக நறுக்கித் தருகிறார்கள். அதனால் கரையை ஒட்டிய பிக்சலில் நிலமும் நீரும் கலந்திருக்கும். கோடைக்காலக் காலையில் நிலம் நீரைவிடச் சூடு, ஆகவே விளிம்பு சிவக்கும். குளிர்காலத்தில் நேர்மாறு. இதைத் தவிர்க்க, நீர்ப்பரப்பைக் கரையிலிருந்து நான்கு பிக்சல் உள்ளே சுருக்குங்கள். குளங்களை இணைக்கும் குறுகிய கால்வாய்கள் இதில் காணாமல் போகும். போகட்டும். அந்த அகலத்தில் லேண்ட்சாட் சொல்லும் வெப்பநிலையை எப்படியும் நம்ப முடியாது.

நிற அளவுகோலை உடனே பூட்டிவிடுங்கள். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே நிறத்தை நீட்டிக் கொடுக்கும். ஒரு படத்தில் 31 டிகிரி சிவப்பு, அடுத்ததில் 24 டிகிரியும் அதே சிவப்பு. ஒப்பிடப்போகும் எல்லாப் படங்களுக்கும் ஒரே குறைந்தபட்சம், ஒரே அதிகபட்சம் கொடுங்கள். வானவில் நிறங்களையும் தவிர்த்துவிடலாம். மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் இல்லாத ஒரு எல்லைக் கோடு இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும்.

எந்த நாள் படம்

லேண்ட்சாட் ஓர் இடத்தை 16 நாளுக்கு ஒருமுறை, காலை 10 மணியை ஒட்டிக் கடக்கிறது. 8, 9 இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒரு படம். மேகம் போக மிஞ்சுவது குறைவுதான்.

தொடக்கத்தில் குளிர்காலப் படங்களை எடுங்கள். சுற்றியுள்ள நீர் குளிர்ந்து கிடப்பதால் வெந்நீரின் தடம் பளிச்சென்று தெரியும், வெயிலின் குறுக்கீடும் குறைவு. ஒரு எச்சரிக்கை: மிகக் குளிர்ந்த காலைகளில் சூடான குளங்களின் மேல் ஆவிமூட்டம் எழும். அப்போது செயற்கைக்கோள் பார்ப்பது மூட்டத்தின் உச்சியை. ஏரியின் மிகச் சூடான இடம் படத்தில் குளிர்ந்த இடமாகத் தெரியும், மேக வடிகட்டியும் பல நேரம் இதைப் பிடிக்காது. வெளியேற்றும் வாயின் பக்கத்தில் சூடு திடீரென்று குறைந்திருந்தால், அதே நேரத்துச் சாதாரண ஒளிப்படத்தை எடுத்து வெண்மூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவுப் படம் வேண்டுமென்றால், சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018 முதல் இயங்கும் ஈகோஸ்ட்ரெஸ் கருவி உதவும். பிக்சல் ஏறக்குறைய 70 மீட்டர். நாளின் வெவ்வேறு நேரங்களில் கடப்பதால் விடியலுக்கு முந்தைய படங்களும் கிடைக்கும்.

ஒவ்வொரு படத்தோடும் அன்றைய, அதற்கு முந்தைய ஐந்தாறு நாட்களின் காற்று வேகம், திசை, காற்றின் வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கூடவே நிலையம் எத்தனை சதவீதத் திறனில் ஓடியது என்பதும் வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு யூனிட்டின் திறன் சதவீதத்தையும் தினமும் வெளியிடுகிறது. பழைய நாட்களுக்கும் பார்க்கலாம். லேக் அன்னாவை நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம். நிலக்கரி நிலையங்களுக்கு இவ்வளவு சுலபமாக இந்தத் தகவல் கிடைக்காது. படம் எடுத்த நாளின் திறனை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். ஏரி சூட்டை நாள் கணக்கில் பிடித்து வைத்திருக்கும். நேற்று நின்ற யூனிட்டின் வெப்பம் இன்றைய படத்திலும் இருக்கும்.

2011: நிலையம் நின்ற நாட்கள்

இப்போது இந்த ஏரியின் மிகச் சிறந்த பாடம். 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவின் மினரல் ஊருக்கு அருகே 5.8 அளவில் நிலநடுக்கம். நிலையத்துக்கும் நடுக்க மையத்துக்கும் இடையே 20 கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு யூனிட்டுகளும் தானாகவே நின்றன. சோதனைகளெல்லாம் முடிந்து, நவம்பரில்தான் மறுபடி ஓட்ட அனுமதி கிடைத்தது. அதாவது இரண்டு மாதத்துக்கு மேல் அந்த ஏரிக்கு நிலையத்தின் வெப்பமே வரவில்லை.

இப்படியொரு சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்த முடியாது. லேண்ட்சாட் 5 அந்த நவம்பர் வரை வேலை செய்தது. லேண்ட்சாட் 7-ம் இருந்தது, 2003-ல் பழுதான ஸ்கேன் திருத்தியால் வரும் கோடுகோடான இடைவெளிகளோடு. இரண்டிலும் தேடி, நிலநடுக்கத்துக்கு முன் ஒரு மேகமற்ற படமும், செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஒன்றும், நிலையம் மறுபடி முழுத் திறனுக்கு வந்தபின் ஒன்றுமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அவசரப்படக் கூடாது. ஆகஸ்டு படத்தில் குளங்கள் 36, அக்டோபரில் 20 என்று வந்தால் (உதாரணத்துக்குச் சொல்கிறேன்) 16 டிகிரியும் நிலையம் நின்றதால் குறைந்தது என்று எழுதிவிடுவார்கள். இலையுதிர்காலம் வந்தது என்பதை மறந்துவிடுவார்கள். நடுக்கத்துக்குச் சில நாட்களிலேயே ஐரீன் சூறாவளி வேறு அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிப் போனது. பலத்த காற்று ஏரியைக் கலக்கிவிட்டால் நிலையம் ஓடினாலும் மேற்பரப்பு குளிரும்.

சரியான அளவு வித்தியாசம்தான். ஒவ்வொரு படத்திலும் நிலையத்தின் வெப்பம் எட்டாத ஒரு இடத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, குளங்களின் வெப்பநிலையிலிருந்து அதைக் கழியுங்கள். லேக் அன்னாவில் ஆறு நுழையும் மேற்புறக் கிளைகள் இதற்குப் பொருந்தும். ஆனால் ஆழம் குறைந்த ஓரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆழமில்லாத நீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், இரவில் சீக்கிரம் குளிரும். கிளையின் அகன்ற, ஆழமான நடுப்பகுதியில் ஒரு ஐம்பது பிக்சலின் சராசரி போதும். நிலையம் ஓடும் நாளின் வித்தியாசத்துக்கும் நின்ற நாளின் வித்தியாசத்துக்கும் உள்ள இடைவெளிதான் நிலையத்தின் பங்கு. நின்ற நாளிலும் வித்தியாசம் பூஜ்யமாக இல்லாவிட்டால், அது இரண்டு இடங்களின் ஆழமும் காற்றுப்படும் விதமும் தருகிற இயல்பான வேறுபாடு. அதைக் கழிக்காமல் செய்த ஆய்வு எதையும் நான் பெரிதாக நம்புவதில்லை.

இந்த முறையில் இன்னொரு லாபம்: செயற்கைக்கோள் வெப்பநிலையில் 1 முதல் 2 டிகிரி வரை பிழை வரலாம். அந்தப் பிழையில் பெரும்பகுதி வளிமண்டல ஈரத்தால் வருவது, ஏரி முழுக்க ஒரே மாதிரி இருக்கும். கழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

கோட்டின் மேல் நடந்து பாருங்கள்

முதலில் வரைந்த நீர்வழிக் கோட்டை எடுங்கள். க்யூஜிஸில் ப்ரொஃபைல் டூல் என்ற ப்ளகின் மூலம் கோட்டின் நெடுக வெப்பநிலையை வரைபடமாக்குங்கள். தொடக்கத்தில் வேகமாகச் சரிந்து, போகப் போக மெதுவாகும் வளைவு வரவேண்டும். சுற்றுப்புறத்தைவிட எவ்வளவுக்கு எவ்வளவு சூடோ, அவ்வளவு வேகமாக வெப்பம் வெளியேறும் என்பதால் அப்படி.

தோராயக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பு, ஒரு டிகிரி மிகைச்சூட்டுக்கு (சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக உள்ள சூடு) 35 வாட் வெப்பத்தை விடுகிறது என்று கொள்வோம். காற்றையும் நீரின் சூட்டையும் பொறுத்து 20 முதல் 50 வரை மாறும். 3,400 ஏக்கர் என்பது ஏறக்குறைய 13.8 சதுர கிலோமீட்டர். நீரோட்டம் விநாடிக்கு 120 கனமீட்டர் என்றால், குளங்களைக் கடந்து வரும்போது மிகைச்சூட்டில் 38 சதவீதம் மிஞ்சும். 8 டிகிரி மிகையோடு உள்ளே போன நீர் 3 டிகிரி மிகையோடு வெளியே வரும். உங்கள் வளைவு இதற்குக் கிட்டத்தில் இருந்தால் நல்லது. வெகுதூரம் விலகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் ஒப்பீட்டு இடத்தை, அடுத்து காற்றை.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிதக்கும் வெந்நீரைக் காற்று எளிதாகத் தள்ளும். நாள் முழுக்க ஒரே திசையில் அடித்தால் சூடான நீர் எதிர்க்கரையில் போய்க் குவியும், காற்று புறப்படும் கரையில் அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். படத்தில் பார்த்தால் நிலையமே இடம் மாறிவிட்டதுபோல் இருக்கும். ஒரே ஒரு படத்தை வைத்து வெந்நீர் இந்தப் பக்கம்தான் போகிறது என்று சொல்லக் கூடாது. வெவ்வேறு காற்றுத் திசைகளில் ஆறேழு படமாவது பார்க்க வேண்டும்.

ட்ரோன் எடுத்துப் போனால்

கால்வாய், வெளியேற்றும் வாய் போன்ற சின்ன இடங்களுக்கு லேண்ட்சாட் போதாது. அங்கேதான் ட்ரோன். முதல் வேலை அனுமதி. மின் நிலையங்களைச் சுற்றி, அதுவும் அணுமின் நிலையம் என்றால், பறக்கத் தடையோ கட்டுப்பாடோ இருக்கும். இந்தியாவில் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் தள வரைபடத்தில் சிவப்பு மண்டலமா (அனுமதியின்றிப் பறக்கக் கூடாத பகுதியா) என்று பார்க்காமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நிலையத்தாரோடு சேர்ந்து செய்வதே நடைமுறை.

ட்ரோனில் வரும் குளிரூட்டாத வகைக் கேமராக்கள் பக்கத்துப் பக்கத்து வித்தியாசத்தை டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வரை காட்டும். ஆனால் உண்மை வெப்பநிலையில் 2 டிகிரியோ அதற்கு மேலோ தவறலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆகவே படகிலோ மிதவையிலோ நல்ல தெர்மோமீட்டரை மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே வைத்து, குறைந்தது மூன்று இடங்களில் — சூடு, நடுத்தரம், குளிர் — அளந்து, படத்தை அதோடு ஒத்திசையுங்கள்.

கேமராவைப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பறக்கவிடுங்கள். நடுவில் அது தன் ஷட்டரை மூடித் தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது வெப்பநிலை ஒரு தாவு தாவும். அடுத்தடுத்த படங்களுக்கு நடுவே நேர்கோடாக எல்லை தெரிந்தால் காரணம் அதுதான். உமிழ்திறனை (ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு முழுமையாக வெளியிடுகிறது என்ற அளவு) 0.98 என்று வையுங்கள். கேமரா நேராகக் கீழே பார்க்கட்டும். சாய்த்துப் பிடித்தால் நீர் கண்ணாடியாகத் தொடங்கிவிடும்.

நேராகப் பார்த்தாலும் இரண்டு சதவீதம் வானம் பிரதிபலிக்கும். தெளிந்த வானம் மிகக் குளிர்ச்சி. உமிழ்திறனை 1 என்று விட்டுவிட்டால் அதனாலேயே ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும். அதுகூடப் பரவாயில்லை, எல்லா இடத்திலும் ஒன்றுபோல் குறையும். துண்டு மேகங்கள் மிதக்கும் நாள்தான் மோசம். வெதுவெதுப்பான மேகத்தின் பிரதிபலிப்பு ஏரியின் மேல் ஒரு சூடான திட்டாகத் தெரியும், மேகத்தோடு சேர்ந்து நகரவும் செய்யும். முழுக்கத் தெளிந்த வானமோ முழுக்க மூடிய வானமோ இருக்கும் நேரம், முடிந்தால் விடியலுக்கு முன், பறக்கவிடுங்கள். ரேடியோமெட்ரிக் கோப்பாக, அதாவது ஒவ்வொரு பிக்சலின் வெப்ப எண்ணோடும், சேமிக்க மறக்க வேண்டாம். வெறும் நிறப்படமாகச் சேமித்தால் எண்கள் திரும்பக் கிடைக்காது.

படங்களை ஒட்டும் மென்பொருள்கள் வெறும் நீரில் திணறும். அடையாளம் எதுவும் இல்லாததால் எதை எதோடு பொருத்துவது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் கரையின் ஒரு துண்டு வருமாறு பறப்பது, அல்லது ஜிபிஎஸ் இடக்குறிப்பை மட்டும் வைத்து அடுக்குவது என்று இரண்டு வழி இருக்கிறது.

இந்த அளவுக்கு நெருங்கினால் வேறொரு உலகம் தெரியும். வெந்நீர்ப் பரப்பு சீராக இருக்காது. அகன்ற சூடான திட்டுகளும் அவற்றைச் சுற்றி மெல்லிய குளிர்ந்த கோடுகளுமாக, ஒரு வலைபோல் இருக்கும். ஆவியாகிக் குளிர்ந்த தோல் கனமாகி அந்தக் கோடுகளின் வழியே கீழே இறங்குகிறது, திட்டுகளின் நடுவே சூடான நீர் ஏறுகிறது. வெப்ப இழப்பு அதிகமானால் இந்த ஏற்றத்தாழ்வும் அதிகமாகும். அமெரிக்காவின் சவானா நதி ஆய்வுக்கூடத்தினர் இந்தச் சின்ன மாறுபாடுகளை ஏரியின் வெப்ப இழப்போடு இணைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். புதியவர்கள் இதைக் கேமராவின் இரைச்சல் என்று நினைத்து மென்மையாக்கி அழித்துவிடுகிறார்கள். வேண்டாம், மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். படகு போன தடம், எண்ணெய்ப் படலம், காற்று இழுத்த நீளவரிகள் ஆகியவையும் இதில் தெரியும். அவற்றைப் பறக்கும்போதே குறித்துக்கொண்டால்தான் பிறகு அடையாளம் தெரியும்.

கடலோர நிலையம் என்றால்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு உடனே கல்பாக்கம் நினைவுக்கு வரும். அங்கே வெந்நீர் போவது வங்கக் கடலுக்கு. லேண்ட்சாட் படத்தைச் செல்சியஸாக்குவது, நீரைப் பிரிப்பது, ஒப்பீட்டு இடத்தைக் கழிப்பது எல்லாம் அப்படியே பொருந்தும். குளத்தின் பரப்பை வைத்துப் போட்ட கணக்கு பொருந்தாது, அங்கே கரையே இல்லை. கடலோர நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறுவதால் வெந்நீர் ஒரு பருவத்தில் வடக்கே நீளும், இன்னொரு பருவத்தில் தெற்கே. ஒப்பீட்டு இடத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்: எப்போதும் நீரோட்டம் வரும் பக்கத்தில், கரையிலிருந்து அதே தொலைவில், அலை உடையும் பகுதிக்கு வெளியே. படத்தின் தேதியோடு ஓத நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.